காலை 7 மணி அடுப்பும் மதியம் 12.40 பசியும்: பள்ளிக்கு எந்தச் சாப்பாடு கட்டலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால் போதும், தெருவிலும் ஆபீசிலும் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "மதியத்துக்குப் பிள்ளைங்களுக்கு என்ன கட்டுறீங்க? எங்க வீட்ல டப்பா அப்படியே திரும்பி வருது." கேட்பவர்கள் எல்லாரும் நன்றாகச் சமைக்கிறவர்கள். அவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில். கலவை சாதமா, டிபனா? காலையிலேயே கட்டிவிடுவதா, மதியம் சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதா? பேசாமல் பள்ளியிலேயே பணம் கட்டிவிடலாமா?

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஏழாவது, மகள் இரண்டாவது. இருப்பது திருச்சியில். பள்ளி பஸ் 7.40-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். மகன் முதல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்த வழிகளில் பெரும்பாலானவற்றை ஏதாவது ஒரு வருடம் செய்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

## முதலில், எதை வைத்துப் பார்ப்பது?

போன வருடம் மகளின் டப்பா தொடர்ந்து பாதியாகத் திரும்பி வந்தது. கேட்டால் "பிடிக்கல" என்ற ஒரே பதில். ஆனால் அதே சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். ஒன்றும் புரியாமல், அதே மாதிரி எவர்சில்வர் டப்பா இன்னொன்று வாங்கினேன். அவளுக்கு வைத்ததையே அதிலும் வைத்து ஆபீசுக்கு எடுத்துப்போய், சூடு பண்ணாமல் 12.40-க்குத் திறந்து சாப்பிட்டேன். இரண்டு வாரம் இப்படிச் செய்தேன்.

திங்கட்கிழமை எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். மூடியின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. அது சொட்டி, காலையில் மொறுமொறுவென்று இருந்த கிழங்கு துவண்டு கிடந்தது. சோறு விறைத்துப்போய், தண்ணீர் குடித்தால்தான் தொண்டைக்குள் இறங்கியது. புதன்கிழமை தோசை. இரண்டு கையாலும் இழுத்துப் பிய்க்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை சாம்பார் சாதம் டப்பாவின் வடிவத்திலேயே இறுகி, ஸ்பூனால் வெட்டினால் பர்ஃபி மாதிரி துண்டு துண்டாக வந்தது. நானே பாதிதான் சாப்பிட்டேன்.

காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நின்று ருசி பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று நாம் முடிவு செய்கிறோம். பிள்ளை சாப்பிடுவது ஐந்தரை மணி நேரத்துக்கு அப்புறம் அது மாறியிருக்கும் நிலையை. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, பிள்ளை தானே திறந்து, தானே சாப்பிட்டு முடிக்க முடிகிறதா என்பது. சாப்பாட்டு இடைவேளை 40 நிமிடம் என்று டைரியில் போட்டிருக்கும். கை கழுவ வரிசை, இடம் பிடிப்பது, அப்புறம் விளையாட ஓடும் அவசரம் எல்லாம் போக, சின்ன வகுப்புப் பிள்ளைக்குக் கையில் மிஞ்சுவது 15, 20 நிமிடம். என் மகளின் டப்பாவுக்கு நான்கு பக்கமும் பூட்டு, உள்ளே ரப்பர் வளையம். ஒரு நாள் வீட்டில் அவளையே திறக்கச் சொன்னேன். டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டைவிரலால் நெம்பினாள். இரண்டு பூட்டு திறந்தது, மூன்றாவது திறக்கவில்லை. "ஆயா வந்து தொறப்பாங்க" என்றாள். ஆயா ஒருவர், பிள்ளைகள் முப்பது பேர். அவளுடைய முறை வரும்போது பாதி நேரம் போயிருக்கும். பழைய பாணி அழுத்து மூடி டப்பாவுக்கு மாறியதுமே சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனது. சமையலில் நான் எதையும் மாற்றவில்லை.

மூன்றாவது, கெடாமல் இருப்பது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரி செல்சியசுக்கு மேலும் 60-க்குக் கீழும் உள்ள வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் டப்பா ஐந்து மணி நேரத்துக்கு மேல் அதற்குள்தான் கிடக்கிறது, அதுவும் திருச்சி ஏப்ரல் வெயிலில். புளிப்பு, ஈரம் இல்லாமை, முழுமையாக வேகவைத்தல், நன்றாக ஆறவிடுதல், இவைதான் நமக்கு இருக்கும் பாதுகாப்பு.

நான்காவது, சாயங்காலம் நாலு மணி வரை பசி தாங்க வேண்டும். ஐந்தாவது, வீட்டின் மேல் விழும் பாரம். பணம் மட்டும் கணக்கில்லை. காலை நேரம், யாருடைய தூக்கம், யாருடைய முதுகுவலி என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## கலவை சாதம்

தமிழ்நாட்டில் அதிகம் கட்டப்படுவது இதுதான். அதிகம் திரும்பி வருவதும் இதுவாகத்தான் இருக்கும். ஆனால் கலவை சாதம் என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. மதியத்துக்குள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும்.

புளி சாதம் நேரம் ஆக ஆக நன்றாகிற சாதம். புளிக்காய்ச்சலை ஞாயிறன்று செய்து பாட்டிலில் வைத்துவிட்டால் காலையில் பத்து நிமிட வேலை. புளிப்பும் நல்லெண்ணெயும் இருப்பதால் மற்ற சாதங்களைவிடத் தாங்கும். கோயில் பிரசாதமாகவும் கட்டுச்சோறாகவும் இது இத்தனை காலம் நிற்பதற்குக் காரணம் அதுதானே. குறை என்றால் காரம். சின்னப் பிள்ளைக்கு மிளகாயைப் பாதியாக்கி, வெல்லம் ஒரு துணுக்கு கூட்டி, வேர்க்கடலையைக் கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும்.

எலுமிச்சை சாதத்தில் என் டப்பாவில் நடந்த தவறு பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. உதிரி உதிரியாக வர வேண்டும் என்று சோற்றை விறைப்பாக வடிக்கிறோம். சோறு ஆறும்போது இன்னும் இறுகும். சூட்டில் சரியாக இருப்பது மதியம் விறைத்துப்போகும். அதனால் வழக்கத்தைவிட ஒரு கை தண்ணீர் கூட்டி வடித்து, சூடாக இருக்கும்போதே தாம்பாளத்தில் பரப்பி ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட வேண்டும். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. சூட்டில் சாறு பட்டால் கசக்கும்.

சாம்பார் சாதமும் பிசிபேளாவும் காலையில் "இவ்வளவு தண்ணியாவா" என்று தோன்றும் பதத்தில் இருந்தால்தான் மதியம் சரியாக வரும். பருப்பும் அரிசியும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் இப்போது கட்டுவதற்கு முன் அரை டம்ளர் கொதிநீர் விட்டுக் கிளறுகிறேன். மற்ற சாதங்களைவிட வயிற்றைத் தாங்குவதும் இதுதான்.

தேங்காய் சாதம் வெயில் காலத்தில் வேண்டவே வேண்டாம். தேங்காய் சீக்கிரம் ஊசிப்போகும். டிசம்பர், ஜனவரியில் வறுத்த தேங்காயாகப் போட்டுக் கட்டலாம்.

தயிர் சாதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இது சரியாக அமைந்தால் டப்பா காலியாகத்தான் வரும். காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மதியம் புளித்துப் பல் கூசும். குழைந்த சோற்றைச் சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் நிறைய விட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் கலந்து மூட வேண்டும். டப்பாவுக்குள்ளேயே உறைந்து 12.40-க்குச் சரியான பதத்தில் இருக்கும். மே நெருங்கினால் அரை ஸ்பூன் போதும். மாதுளை முத்து, கேரட் துருவல் போடலாம். வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுவிடும்.

மறைந்திருக்கும் செலவு: தொடுகறி. சாதம் மட்டும் என்றால் காலை வேலை குறைவு. கூட ஒரு பொரியல், ஒரு வறுவல் என்று போனால் இரட்டை வேலை, அதில் பாதி வீண். கலவை சாதத்துக்குள்ளேயே காயும் கடலையும் போய்விட்டால் தொடுகறிக்கு அவசியம் இல்லை. இன்னொன்று, பருப்பு, கடலை, முட்டை எதுவும் சேராத வெறும் தக்காளி சாதம் மூன்று மணிக்கே பசிக்க வைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராத்திரி மிஞ்சிய சோற்றை அடுப்படி மேடையிலேயே வைத்திருந்து காலையில் தாளித்துக் கட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பிள்ளைக்குக் கட்ட வேண்டாம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாகாது. சோறு வெளியில் கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுக்க வைக்கும்.

எப்போது இதுவே சரி: இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, 7.40 பஸ், ஸ்பூனால் சாப்பிடும் சின்னப் பிள்ளை.

## இட்லி, தோசை, சப்பாத்தி

டிபன் வகையில் என் ஓட்டு பொடி இட்லிக்கு. ஆறினாலும் மெத்தென்று இருக்கும். சட்னி வேண்டாம், ஒழுகாது, கையில் ஒட்டாது, பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்று கொடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைப் பெரியவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஏழெட்டு வயசில் சாப்பாடு என்பது கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்வது. பகிர முடிகிற சாப்பாடு காலியாகும். என் மகள் ஆறு சின்ன இட்லி கொண்டுபோனால் நாலு அவள் சாப்பிடுகிறாள், இரண்டு போகிறது, ஒரு துண்டு சப்பாத்தியோ பழமோ வருகிறது. நான் அதைத் தடுப்பதில்லை. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

இட்லியை அவித்த சூட்டில் பொடி தூவினால் பொடி கரைந்து பிசுபிசுக்கும். ஆறவிட்டு, எண்ணெய் தடவி, அப்புறம் பொடி. எண்ணெயைக் குறைத்தால் மதியம் தொண்டையை அடைக்கும். தேங்காய்ச் சட்னியைக் கூடவே அனுப்பினால் நண்பகலுக்குள் வாடை மாறிவிடும்.

தோசையைப் பற்றி மேலே சொன்னேன். வேறு வழியில்லை என்றால் மொறுமொறு தோசையை விட்டுவிட்டு, கனமான சின்ன ஊத்தப்பமாகப் போட்டால் ஓரளவு பரவாயில்லை. உப்புமா ஆறினால் யாருக்கும் ஆகாது. பூரி எண்ணெய் கக்கித் துவண்டுவிடும். நூடுல்ஸைக் கேட்டு அடம்பிடித்து வாங்கிக்கொண்டு போவார்கள், மதியம் ஒரே உருண்டையாக ஒட்டிக்கிடக்கும்.

சப்பாத்தி பெரிய பிள்ளைகளுக்கு நல்ல வழி. என் மகன் ஐந்தாவது போனதிலிருந்து சாதமே கேட்பதில்லை. சப்பாத்திக்குள் பன்னீர் பொடிமாஸோ உருளை மசாலாவோ வைத்துச் சுருட்டிக்கொடுத்தால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துப் படியில் உட்கார்ந்தே முடித்துவிடுகிறான். மாவை வெதுவெதுப்பான தண்ணீரில், இருந்தால் கொஞ்சம் பாலும் விட்டு, தளர்வாகப் பிசைய வேண்டும். சுட்டதைத் துணியில் போட்டு ஆறவிட்டுத்தான் அடுக்க வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து அடிச் சப்பாத்தி கூழாகும். குழம்பு, குருமா தனி டப்பாவில் என்றால் ஒழுகுவதும் நோட்டுப் புத்தகம் மஞ்சளாவதும் நிச்சயம்.

மறைந்திருக்கும் செலவு: நேரம். நாலு பேர் வீட்டில் காலை டிபனும் இதுவே என்றால் பிரச்சினை இல்லை. காலைக்கு ஒன்று, மதியத்துக்கு வேறொன்று என்றால் சப்பாத்திக்காக 5.30-க்கு எழுந்திருக்க வேண்டும். காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்கு மதியமும் இட்லி கட்டினால் அது திரும்பி வரும். எங்கள் வீட்டில் காலை இட்லி என்றால் மதியம் சாதம், காலை பொங்கல் என்றால் மதியம் சப்பாத்தி. இதற்கு விலக்கு இல்லை.

எப்போது இதுவே சரி: சோறு என்றாலே நேரம் இழுக்கும் பிள்ளை, கையால் எடுத்துச் சாப்பிடுவதை விரும்பும் பிள்ளை, ஐந்தாவதுக்கு மேல் படிக்கிறவர்கள்.

## மதியம் சூடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது

மகன் இரண்டாவது படித்த வருடம் இதைத்தான் செய்தோம். அத்தை பதினோரு மணிக்குக் குக்கர் வைப்பார்கள். தெரு ஆட்டோ அண்ணன் 11.45-க்கு வந்து பத்து வீட்டுக் கூடைகளை எடுத்துக்கொண்டு போவார். ரசம் சாதம், நெய் விட்ட பருப்புச் சோறு, கீரை என்று காலையில் கட்ட முடியாத எல்லாவற்றையும் அந்த வருடம் அவன் சாப்பிட்டான். உடம்பும் தேறியது. ருசி, கெடாமை, பசி தாங்குதல் என்று எதில் பார்த்தாலும் வீட்டுச் சாப்பாட்டில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

ஆனால் இதற்கு வீட்டில் ஒருவர் முழுதாகக் கட்டுப்பட வேண்டும். அத்தைக்குப் பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை வேறு வேலையே இல்லை என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதைக்கூட இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்த வழியில் கண்ணுக்குத் தெரியாத செலவு அதுதான், பெரும்பாலும் வீட்டில் வயதான ஒரு பெண்ணின் கணக்கில் போய்ச் சேரும். அதைக் கேட்டு, அவர் சம்மதத்தோடு, வாரத்தில் எத்தனை நாள் என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றது சின்னச் சின்ன விஷயங்கள். கூடைகள் பள்ளி வாசலில் வெயிலில் வரிசையாகக் கிடக்கும். பெயர் பெரிதாக எழுதாவிட்டால் மாறிப்போகும். மழை நாளில் ஆட்டோ பிந்தினால் பிள்ளை கேட்டைப் பார்த்தபடியே இடைவேளையைக் கழிப்பான். வெளியிலிருந்து மதியச் சாப்பாடு வருவதைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்திய பள்ளிகளும் உண்டு. சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இதற்குப் பதிலாகக் காலையிலேயே சூடு தாங்கும் பிளாஸ்கில் கட்டலாமா என்று கேட்பார்கள். இரட்டைச் சுவர் உள்ள வேக்குவம் பிளாஸ்க் என்றால் சரி. முதலில் கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டில் சாதத்தை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பினால் சூடு நிற்காது. சாதாரண பிளாஸ்டிக் ஹாட்பாக்ஸ் சாப்பாட்டை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். கிருமிக்குப் பிடித்த பதம் அதுதான். அதைவிட ஆறவிட்டுக் கட்டுவது மேல். பிளாஸ்க் வாங்கினால் மூடியைப் பிள்ளையின் கையால் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எப்போது இதுவே சரி: பள்ளி இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், வீட்டில் மனசாரச் செய்ய ஆள், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் சின்னப் பிள்ளை.

## பள்ளியிலேயே சாப்பிடுவது

இதில் இரண்டு வேறு வேறு உலகம் இருக்கிறது.

தனியார் பள்ளியின் மெஸ்ஸில் மகனுக்கு ஒரு பருவம் பணம் கட்டினோம். சாப்பாடு சூடாகத்தான் இருந்தது. ஆனால் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே காரம், யார் சாப்பிட்டார், யார் தட்டோடு கொட்டினார் என்று பார்க்க ஆள் இல்லை. வீட்டுக்கு டப்பா வராததால் அவன் சாப்பிடவில்லை என்பதே எங்களுக்கு ஒரு மாதம் தெரியவில்லை. டப்பா பாதியாகத் திரும்பி வருவதில் ஒரு நன்மை இருக்கிறது என்று அப்போது உணர்ந்தேன், நடப்பது நமக்குத் தெரிகிறது.

கேன்டீன் வேறு. கையில் காசு கொடுத்து அனுப்பினால் பிள்ளை எதை வாங்கும் என்பது நமக்குத் தெரியும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. உங்கள் பள்ளியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொரு உலகம் சத்துணவு. என் அக்கா மகன் முசிறிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படிக்கிறான். டப்பாவே கொண்டுபோவதில்லை. காமராஜர் 1956-ல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோன மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரிவாக்கியது, பிறகு முட்டை சேர்ந்தது, 2013-ல் அறிவிக்கப்பட்ட கலவை சாத வகைகள் என்று அது படிப்படியாக வளர்ந்து வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் காலைச் சாப்பாட்டையும் கொண்டுவந்தது. அவன் தட்டில் விழுவது கிட்டத்தட்ட நான் காலையில் கட்டும் அதே வகைதான்: சாம்பார் சாதம், தக்காளி சாதம், எலுமிச்சை சாதம். கூட முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரே வித்தியாசம், அங்கே அடுப்பு பள்ளிக்குள்ளேயே எரிகிறது. சாதம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் தட்டுக்கு வருகிறது. நான் இத்தனை பாடுபட்டுச் சமாளிக்கப் பார்க்கும் ஐந்தரை மணி நேரம் அங்கே கிடையாது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவதால், வீட்டில் தொடாத முட்டையை அங்கே சாப்பிடுகிறான்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பெற்றோர் சிலர், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கிறார்கள். சமையல் சுத்தமாக நடக்கும் பள்ளி என்றால் அந்தத் தயக்கம் வேண்டாம். ஒரு நாள் மதியம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சரியில்லை என்றால் கேளுங்கள். அது பிள்ளையின் உரிமை.

## ஒரே பார்வையில்

| வழி | 12.40-க்கு எப்படி இருக்கும் | தானே சாப்பிட | கெடும் பயம் | நாலு மணி வரை தாங்குமா | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|---|
| புளி, எலுமிச்சை சாதம் | நன்று, சோறு குழைவாக வடித்தால் | எளிது | குறைவு | கடலை சேர்த்தால் | தொடுகறி வேலை |
| சாம்பார் சாதம் | தளர்வாகக் கட்டினால் நன்று | எளிது | நடுத்தரம் | நன்றாகத் தாங்கும் | அதிகாலைக் குக்கர் |
| தயிர் சாதம் | பாலில் பிசைந்தால் மிக நன்று | மிக எளிது | குறைவு | ஓரளவு | வெயில் காலக் கவனம் |
| பொடி இட்லி | நன்று | மிக எளிது | குறைவு | ஓரளவு | காலை டிபனோடு மோதும் |
| சப்பாத்தி ரோல் | ஆறவிட்டால் நன்று | பெரியவர்களுக்கு எளிது | உள்ளே வைப்பதைப் பொறுத்தது | தாங்கும் | அரை மணி முன்னால் எழ வேண்டும் |
| மதியம் கொண்டுபோவது | மிக நன்று | எளிது | மிகக் குறைவு | தாங்கும் | வீட்டில் ஒருவரின் பகல், ஆட்டோ பணம் |
| தனியார் மெஸ் | சூடு, ருசி பள்ளிக்குப் பள்ளி மாறும் | யாரும் பார்ப்பதில்லை | பள்ளியைப் பொறுத்தது | சாப்பிட்டால் தாங்கும் | என்ன சாப்பிட்டது என்று தெரியாது |
| சத்துணவு | சூடு | கூட்டத்தோடு எளிது | சமையற்கூடத்தைப் பொறுத்தது | தாங்கும் | பணம் இல்லை, நேரில் போய்ப் பார்க்கும் நேரம் |

முட்டை, அசைவம் பட்டியலில் இல்லையே என்று கேட்கலாம். பல தனியார் பள்ளிகளில் கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். அனுமதி இருந்தாலும், மூடிய டப்பாவில் ஐந்து மணி நேரம் கிடந்த முட்டையின் வாடைக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால், அதற்கப்புறம் நம் பிள்ளை முட்டையையே வெறுத்துவிடும். வீட்டிலிருந்து கட்டுகிறவர்கள் முட்டையைக் காலையிலோ பள்ளி விட்டு வந்ததுமோ கொடுப்பதுதான் நல்லது.

## எங்கள் வீட்டில் இப்போது

மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் சாதம், இரண்டு நாள் பொடி இட்லி. அந்த மூன்றில் ஒன்று எப்போதும் தயிர் சாதம், அதுவும் வெள்ளிக்கிழமை. வார இறுதிக்குள் நான் களைத்துப்போகிறேன், தயிர் சாதம் தவறுவதில்லை. மகனுக்கு நாலு நாள் சப்பாத்தி, அதை என் வீட்டுக்காரர் சுடுகிறார். இடைவேளை டப்பாவில் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு சுண்டலோ, பொட்டுக்கடலையும் வெல்லமுமோ, நறுக்கிய கொய்யாவோ வைக்கிறோம். சாதத்தில் குறையும் சத்தை அந்த டப்பா ஈடுகட்டுகிறது. ஆனால் அதையும் நிறைய வைத்தால் பத்தே முக்காலுக்கே வயிறு நிறைந்து மதியச் சாப்பாடு திரும்பி வரும், ஒரு சின்னக் கை அளவு போதும். மதியம் கொண்டுபோவதை அத்தையிடம் கேட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட வாரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஞாயிறு சாயங்காலம் இரண்டு பேரையும் உட்காரவைத்து வாரத்துக்கு என்ன என்று கேட்கிறேன். ஆளுக்கு இரண்டு நாள் அவர்கள் சொல்வது, மீதி என் முடிவு. தானே சொன்ன நாளில் மகள் டப்பாவை நீட்டி "பாரும்மா" என்று காட்டுகிறாள்.

கடைசியாக அளவு. ரொம்ப நாள் நான் மகளுக்குக் குழிக்கரண்டியால் மூன்று கரண்டி சாதம் அமுக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பசித்துவிடுமோ என்ற பயம். அவளால் இருபது நிமிடத்தில் சாப்பிட முடிந்தது ஒன்றரைக் கரண்டிதான். முழு டப்பாவைத் திறந்ததும் மலைத்துப்போய், அந்த ஒன்றரையையும் முழுதாகச் சாப்பிடாமல் மூடிவிடுவாள். இப்போது ஒன்றரைக் கரண்டிதான் வைக்கிறேன். மீதியைச் சமைத்தவுடன் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறோம். நாலரை மணிக்குப் பையைக் கழற்றும்போதே பசி என்று வருவாள், அத்தை அதை ஆவி பறக்கச் சூடு பண்ணிக் கொடுப்பார்கள்.